11 கிலோவோல்ட் மின்தாக்கமும் ஐந்தாம் மாதப் புரையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மின் தீக்காயத்தோடு வந்தவரின் கேஸ் ஷீட்டில் கண்ணுக்கு என்று ஒரு வரிதான் பெரும்பாலும் இருக்கும்: ‘இரு கண்களும் இயல்பு’. இதயத் துடிப்பு, சிறுநீரகம், கை கால் பிழைக்குமா என்ற கவலைகளுக்கு நடுவே அந்த ஒரு வரி எழுதப்படுவதே பெரிது. ஆனால் மின்சாரம் கண்ணில் விளைவிக்கும் கேட்டில் பெரும்பகுதி அன்றைக்குத் தெரியாது. சில மணி நேரத்தில் வருவது ஒன்று, சில நாளில் வருவது ஒன்று, சில மாதத்தில் வருவது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பார்க்க வேண்டிய நேரம் வேறு, பார்க்கும் முறையும் வேறு.

கீழே வருவது தனி ஒருவரின் மருத்துவப் பதிவு அல்ல. உயர் அழுத்த மின்தாக்கத்தில் வழக்கமாகக் காணும் போக்குகளை ஒரே நோயாளியில் பொருத்திப் பயிற்சிக்காக அமைத்த மாதிரி நிகழ்வு.

விபத்து

கம்பி கட்டும் தொழிலாளி, வயது 27, எடை 62 கிலோ, சர்க்கரை நோயோ முன்பு கண் நோயோ இல்லாதவர். முதல் மாடித் தளத்தில் 12 மீட்டர் முறுக்குக் கம்பியை இடது தோளில் சுமந்து, வலது கையால் பிடித்தபடி திரும்பியபோது கம்பியின் பின்முனை தெருவோரத்து 11 கிலோவோல்ட் லைனில் பட்டது. 11 கிலோவோல்ட் வரையிலான லைனுக்கும் கட்டடத்துக்கும் இடையே கிடைமட்டமாக 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளி இருந்தாலும், 12 மீட்டர் கம்பியோடு ஒருவர் திரும்பும்போது அதற்குப் பொருளே இல்லை.

மின்சாரம் நுழைந்த இடங்கள் வலது உள்ளங்கையும், கம்பி அழுந்தியிருந்த இடது கழுத்து, காது, நெற்றிப் பொட்டும். ஈரத் தளத்தில் வெறுங்காலோடு நின்றதால் இரு பாதங்கள் வழியாக வெளியேறியது. கண்ணைப் பொறுத்தவரை கேட்டு எழுத வேண்டிய முதல் விவரம் இதுதான். கையிலிருந்து காலுக்குப் போன மின்சாரத்தைவிட, தலை, கழுத்து, தோள் ஆகியவற்றில் தொடுபுள்ளி உள்ள மின்தாக்கத்தில்தான் கண்புரை அதிகம் வருகிறது. எத்தனை வோல்ட் என்பதை எல்லோரும் எழுதுவார்கள். எங்கே பட்டது என்பதைப் படம் வரைந்து குறிப்பவர்கள் குறைவு.

இன்னொன்றையும் பிரித்து எழுத வேண்டும். உடலுக்குள் மின்சாரம் பாய்ந்ததா, அருகில் வெடித்த மின்பொறியின் வெப்பமும் ஒளியும் மட்டும் பட்டதா? பொறி மட்டும் பட்டவருக்கு இமை முடி கருகும், புறஊதா ஒளியால் கருவிழியின் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம்) மேல்தோல் புண்ணாகி, வெல்டிங் பார்த்தவரைப் போல 6 முதல் 12 மணி நேரம் கழித்துக் கண் கூசி நீர் கொட்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். மின்சாரம் பாய்ந்தவருக்குத்தான் லென்ஸும் பார்வை நரம்பும் ஆபத்தில் இருக்கின்றன.

முதல் நாள்

எரிந்த பரப்பு 18 சதவீதம். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் வந்தது. தசை சிதைந்து மயோகுளோபின் வெளியேறுவதன் அறிகுறி. கண் பரிசோதனை ஐந்தாம் மணி நேரத்தில் நடந்தது. அதற்கு மேல் தள்ளியிருந்தால் இமைகள் வீங்கி மூடிக்கொண்டிருக்கும்.

படுக்கையிலேயே கிட்டப்பார்வை அட்டையில் இரு கண்ணும் சிற்றெழுத்தைப் படித்தன. இடது மேலிமையில் முழு ஆழத் தீக்காயம், இமை முடி கருகியது. ஃப்ளோரசின் சாயத்தில் இடது கருவிழியின் கீழ்ப் பகுதியில் புள்ளிப் புள்ளியாக நிறம் ஏறியது. கண்ணழுத்தம் வலது 16, இடது 18 மி.மீ. பாதரசம், இரண்டும் இயல்பு. வலது கண்பாவை 3 மி.மீ.; இடது 6 மி.மீ., வெளிச்சத்துக்கு அசையவில்லை.

விரிந்து நின்றுபோன பாவையைக் கண்டால் மூளைக்குள் இரத்தக்கசிவு என்ற அச்சம் முதலில் வருவது நியாயமே. சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். இங்கே ஸ்கேன் இயல்பு, நினைவு தெளிவு, கண் எல்லாத் திசையிலும் அசைந்தது, மேலிமை தொங்கவில்லை. ஆகவே கண்ணை அசைத்துப் பாவையையும் சுருக்கும் மூன்றாம் மூளை நரம்பை விட்டுவிட்டு, பாவையைச் சுற்றியுள்ள வண்ணப் படலமான ஐரிஸின் தசையையே சந்தேகிக்க வேண்டியிருந்தது. ஆறாம் வாரத்தில் பைலோகார்பைன் 1 சதவீதச் சொட்டு விட்டும் பாவை சுருங்காதது இதை உறுதி செய்தது. நரம்புக் கோளாறாக இருந்தால் சுருங்கியிருக்கும். மின்னல் தாக்கியவர்களிலும் பாவை இப்படி விரிந்து நிற்பதுண்டு. அதை மட்டும் வைத்து மூளை இறந்துவிட்டது என்று முடிவுக்கு வரக்கூடாது என்ற எச்சரிக்கை அதனால்தான்.

ஸ்கேன் முடிவு வந்த பிறகே பாவையை விரிக்கும் சொட்டு விடப்பட்டது. டிராபிகமைடு 1 சதவீதம் மட்டும், ஃபினைல்எஃப்ரின் கலக்காமல்; மின்தாக்கத்துக்குப் பின் இதயத் துடிப்பு தடுமாறக்கூடியவருக்கு அந்தக் கலவை வேண்டாம். சொட்டு விட்ட நேரத்தை நெற்றிப் பிளாஸ்டரிலும் கேஸ் ஷீட்டிலும் எழுதி வைக்க வேண்டும், இல்லையேல் அடுத்த ஷிப்ட் மருத்துவர் வலது பாவையும் விரிந்துவிட்டதென்று மறுபடி ஸ்கேனுக்கு அனுப்புவார். இரு லென்ஸும் தெளிவு, விழித்திரையும் பார்வை நரம்பு முனையும் இயல்பு.

பதினான்காம் மணி நேரம்

எரிந்த பரப்பை வைத்துக் கணக்கிடும் வழக்கமான சூத்திரம் (கிலோவுக்கும் சதவீதத்துக்கும் 4 மில்லி) இவருக்கு 24 மணி நேரத்தில் சுமார் 4.5 லிட்டர் ரிங்கர் லாக்டேட் என்று சொல்லும். மின் தீக்காயத்தில் இது போதாது. தோலில் தெரிவதைவிட உள்ளே தசை அதிகம் வெந்திருக்கும். சிறுநீரை மணிக்கு 75 முதல் 100 மில்லி அளவில் நிறுத்த 14 மணி நேரத்துக்குள்ளேயே 6 லிட்டர் போயிருந்தது. சிறுநீரகத்தைக் காத்த அந்த நீர் கண்குழியிலும் தேங்கியது.

இடது கண் கல்லைப் போல இறுகியது. கண்ணழுத்தம் 34. பாவை ஏற்கெனவே அசையாததால் பார்வை நரம்புச் சோதனையைத் தலைகீழாகச் செய்ய வேண்டியிருந்தது: டார்ச்சை இரு கண்ணுக்கும் மாற்றி மாற்றி அடித்து, வலது பாவையை மட்டும் கவனிப்பது. வெளிச்சம் இடது கண்ணுக்கு மாறும்போது வலது பாவை விரிந்தது. ஐந்தாம் மணி நேரத்தில் இது இல்லை. இடது பார்வை நரம்பு நசுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இந்த நிலையில் ஸ்கேனுக்கு அனுப்புவதும், சொட்டு மருந்து விட்டுக் காத்திருப்பதும் நரம்பைக் கைவிடுவதற்குச் சமம். படுக்கையிலேயே வெளி இமைமூலையை வெட்டித் தளர்த்த வேண்டும். அட்ரினலின் கலந்த லிக்னோகைன் 1 முதல் 2 மில்லி வெளிமூலையில் ஊசி. தமனி இடுக்கியால் அந்த மூலையைச் சுமார் ஒரு நிமிடம் நசுக்கிப் பிடித்தல். பிறகு கத்தரியால் எலும்பு விளிம்பு நோக்கிக் கிடைமட்டமாக 1 செ.மீ. வெட்டு. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அழுத்தமும் குறைவதில்லை. கீழிமையை முன்னால் இழுத்துப் பிடித்து, கத்தரி முனையால் தடவினால் வீணைத் தந்தி போல் விறைப்பாகத் தட்டுப்படும், இமையை எலும்போடு கட்டும் தசைநாரின் கீழ்க்கிளையை அறுத்தால்தான் இமை விடுபட்டுத் தொங்கும். தொங்கவில்லை என்றால் அறுபடவில்லை. 20 நிமிடத்தில் அழுத்தம் 21-க்கு இறங்கியது. வலது பாவையின் முறையற்ற விரிவு மறுநாள் காலைக்குள் மறைந்தது.

நீர் அதிகம் ஏற்றும் எந்தத் தீக்காய நோயாளிக்கும் முதல் 24 மணி நேரம், 2 முதல் 4 மணிக்கொருமுறை கையடக்க டோனோமீட்டரால் அழுத்தம் பார்ப்பது நல்லது. கருவி இல்லையென்றால் மூடிய இமைமேல் இரு ஆட்காட்டி விரல்களால் மென்மையாக அமுக்கி இரு பக்கத்தையும் ஒப்பிடலாம். கருவிழியோ விழிவெண்படலமோ கிழிந்திருக்கும் சந்தேகம் இருந்தால் அதுவும் கூடாது.

இமையும் கருவிழியும்

மூன்றாம் நாள் வீக்கம் வடியத் தொடங்கியதும் வெந்த தோல் சுருங்கத் தொடங்கியது. தூக்கத்தில் இடது கண் 4 மி.மீ. திறந்தே இருந்தது. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் சொட்டு மணிக்கொருமுறை, இரவில் குளோராம்பெனிகால் களிம்பு, அதன்மேல் ஒட்டிய பாலித்தீன் ஈரக்கூடு. இருந்தும் ஆறாம் நாள் கருவிழியின் கீழ்ப் பகுதியில் 2 மி.மீ. புண். காரணம் எளிது: உடல் முழுதும் கட்டு மாற்றும் அந்த ஒரு மணி நேரத்தில் ஈரக்கூடு கழற்றப்பட்டு, மறுபடி ஒட்ட யாருக்கும் நினைவில்லை. தீக்காயப் பிரிவில் கண் கெடும் வழிகளில் மின்சாரத்துக்கு அடுத்த இடம் இந்தக் கவனக்குறைவுக்குத்தான்.

சுரண்டி எடுத்த மாதிரியில் பாக்டீரியாவோ பூஞ்சையோ இல்லை. மாக்ஸிஃப்ளாக்சசின் சொட்டுடன் புண் ஆறி, பாவைக்குக் கீழே மெல்லிய தழும்பு மிஞ்சியது.

இமையை மூடித் தைப்பது மட்டுமே போதும் என்ற எண்ணம் தவறு. சுருங்கும் தழும்பு தையலை இமை விளிம்போடு அறுத்துக்கொண்டு போகும். பிறகு சரிசெய்ய விளிம்பே இருக்காது. ஒன்பதாம் நாள் வெந்த தோலை நீக்கி, வலது மேல்கையின் உட்புறத் தோலை எடுத்து ஒட்டி, அந்த ஒட்டு பிடிக்கும்வரை மட்டும் தற்காலிக இமைத் தையல் போடப்பட்டது. காதுக்குப் பின்புறத் தோல்தான் இமைக்கு நெருங்கிய பொருத்தம். இங்கே அது எரிந்துபோயிருந்தது. ஒட்டு பின்னால் சுருங்கும் என்பதால் தேவைக்கு மேல் தாராளமாக வெட்டி ஒட்ட வேண்டும். அதே வாரத்தில் வலது முன்கையை முழங்கைக்குக் கீழே அகற்ற நேர்ந்தது.

புரை

வீட்டுக்கு அனுப்பியபோது பார்வை இடது 6/9, வலது 6/6 (6/6 என்பது இயல்பு; கீழ் எண் கூடக் கூடப் பார்வை குறைவு). ‘கண் நல்லா இருக்கு’ என்று சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். இங்கே சொல்லப்பட்டது வேறு: ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு என்று பாவையை விரித்துப் பார்க்க வர வேண்டும், பார்வை தெளிவாக இருந்தாலும் வர வேண்டும். விரிக்காமல் பார்த்தால் தொடக்கப் புரை தெரியாது. அது முதலில் தோன்றுவது பாவைக்குப் பின்னால் அல்ல, ஐரிஸ் மறைக்கும் இடைப்பகுதியில்.

ஆறாம் வாரம் ஸ்லிட் லாம்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஒளிக்கருவி) இடது லென்ஸின் முன் உறைக்குக் கீழே சிறு சிறு நீர்க்குமிழிகள். பின்னொளியில் பார்த்தால் எண்ணிவிடலாம். பார்வை அப்போதும் 6/9. மூன்றாம் மாதம் குமிழிகள் குறைந்து, அவ்விடத்தில் சாம்பல் நிறச் செதில்கள் மையத்தை நோக்கி நீண்டிருந்தன. பின் உறைக்கு அருகிலும் மங்கல். பார்வை 6/24, எதிரே வரும் வண்டி விளக்கில் ஒன்றுமே தெரியவில்லை என்றார். ஐந்தாம் மாதம் லென்ஸ் முழுவதும் வெளுத்து, கையசைவு மட்டும் தெரிந்தது. “கண்ணுல பூ விழுந்திருச்சு, ராத்திரி போட்ட களிம்புதான் காரணம்” என்பது மனைவியின் முடிவு. கருவிழித் தழும்பையும் புரையையும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் இருப்பதால், எது பழைய தழும்பு, எது புதிய புரை என்பதைப் படம் வரைந்துதான் விளக்க வேண்டியிருந்தது.

முன் உறைக்குக் கீழே ஏன் தொடங்குகிறது? லென்ஸில் உயிரோட்டமுள்ள மேல்தோல் செல்கள் முன் உறையின் உட்புறத்திலும் நடுக்கோட்டு ஓரத்திலும்தான் உள்ளன. பின் உறையில் இல்லை. லென்ஸுக்கு இரத்தக் குழாயும் கிடையாது. மின்சாரம் பாயும்போது பிறக்கும் வெப்பத்தை மற்றத் திசுக்களில் இரத்தம் ஓரளவு இழுத்துச் சென்றுவிடும், இங்கே அதற்கு வழியில்லை. வெந்த செல்களில் உப்பையும் நீரையும் வெளியேற்றும் பம்பு நின்றுபோகிறது, உறையின் கசியும் தன்மை மாறுகிறது, நீர் புகுந்து குமிழி உண்டாகிறது. எஞ்சிய செல்கள் நாராக மாறி, அதுவே செதில் மங்கலாகிறது. இதற்கெல்லாம் வாரங்களும் மாதங்களும் ஆகும், அதனால்தான் விபத்தன்று லென்ஸ் கண்ணாடி போல் இருக்கிறது. மின்னல் தாக்கியவருக்குப் புரை வந்ததை 1722-இலேயே பிரெஞ்சு மருத்துவர் சான்தீவ் எழுதினார். மனிதர் உற்பத்தி செய்த மின்சாரத்தால் வந்த புரை 1905-இல் பதிவானது.

வேறு காரணங்களைத் தள்ளாமல் மின்புரை என்று எழுதக்கூடாது. இவர் தளத்தில் விழுந்தவர், ஆகவே அடிபட்ட புரையும் சாத்தியம். அதில் பூவிதழ் வடிவ மங்கல், லென்ஸ் மேல் ஐரிஸ் நிறமி வளையம், முன்னறையின் (கருவிழிக்கும் ஐரிஸுக்கும் இடையிலுள்ள நீர் அறை) கோணம் கிழிந்த அடையாளம் கிடைக்கும். இங்கே ஒன்றும் இல்லை. அழற்சியால் வரும் புரையில் ஐரிஸ் லென்ஸோடு ஒட்டியிருக்கும், அதுவும் இல்லை. ஸ்டீராய்டு புரை பின் உறையில் தொடங்கும், இரு கண்ணிலும் ஏறத்தாழ ஒரே அளவில் வரும். தொடுபுள்ளி இருந்த பக்கம் முந்தி வந்தது, முன் உறையில் தொடங்கியது, குமிழிக்குப் பிறகு செதில் என்ற வரிசை: இம்மூன்றும் சேர்ந்தால் ஐயம் குறைவு.

இழப்பீட்டுக்கும் இது தேவைப்படும். 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் நடப்பில் இருந்த 2025 வரை, கோரிக்கையை விபத்திலிருந்து 2 ஆண்டுக்குள் வைக்க வேண்டும் என்பது விதி. விபத்தன்று ‘லென்ஸ் தெளிவு’, ஆறாம் வாரம் ‘முன் உறைக் குமிழிகள்’ என்று தேதியோடு வரைபடம் இருந்தால் புரைக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பை யாரும் மறுக்க முடியாது. ‘கண் இயல்பு’ என்ற ஒற்றை வரியை வைத்துத்தான் எதிர்த்தரப்பு வாதாடும்.

அறுவை

ஆறாம் மாதம். மூன்று மாதமாகக் கண்ணுள் அழற்சி இல்லை, இமை ஒட்டு படிந்துவிட்டது, மூடும்போது 1 மி.மீ. இடைவெளி மட்டும். வெள்ளைப் புரைக்குப் பின்னால் விழித்திரை தெரியாததால் பி ஸ்கேன் (கண்ணின் அல்ட்ராசவுண்ட் படம்): விழித்திரை பிரியவில்லை, இரத்தமில்லை. நான்கு திசையிலும் ஒளியைச் சரியாகக் காட்டினார். தலைகீழ்ப் பாவைச் சோதனையில் குறையில்லை. ஆயினும், மின்தாக்கம் பார்வை நரம்பையும் பின்னாளில் வெளுக்கச் செய்யலாம் என்பதை அறுவைக்கு முன்பே சொல்லிக் கையொப்பம் வாங்க வேண்டும். ஒளியால் இயங்கும் அளவீட்டுக் கருவி புரையைத் துளைக்காததால் கண் நீளம் அல்ட்ராசவுண்டால் எடுக்கப்பட்டது: 23.4 மி.மீ.; வலது கண்ணோடு ஒத்துப்போனது. தேர்ந்த லென்ஸ் சக்தி +20.5.

கழுத்துத் தழும்பால் தலையைத் தட்டையாக வைக்க முடியவில்லை. தோளுக்குக் கீழே மடித்த துணி, தலைக்கு வளையத் தலையணை, மேசையைச் சற்றுச் சாய்த்து முகம் கூரை பார்க்கும்படி அமைப்பதற்கே நேரம் பிடித்தது. இமை விரிப்பான் ஒட்டுத் தோலில் இறுகிக் கண்ணை அமுக்கியதால் திருகு வைத்த விரிப்பானுக்கு மாற வேண்டியிருந்தது.

ஆபத்தான கட்டம் முன் உறையைத் திறப்பது. ஊதிய வெள்ளைப் புரையில் உள்ளழுத்தம் அதிகம். நீலச் சாயம் பூசிய உறையைக் குத்தியவுடன் கிழிசல் இரு பக்கமும் ஓரம்வரை ஓடி, நீலம்-வெள்ளை-நீலம் என்று அர்ஜென்டினாக் கொடி போல நிற்கும். மின்புரையில் இதோடு நார்த் தழும்பும் உண்டு. கிழிசல் அதில் மோதித் திசை மாறும். செய்யப்பட்டது: காற்றுக் குமிழியின் கீழ் டிரிபான் புளூ 0.06 சதவீதம், கழுவியபின் முன்னறையைக் கெட்டியான விஸ்கோ ஜெல்லால் இறுக நிரப்பி லென்ஸின் முன்பக்கத்தைத் தட்டையாக்கல், 26 கேஜ் ஊசியால் நடுவில் குத்திப் பால் போன்ற நீரை உறிஞ்சல், முதலில் 3 மி.மீ. வட்டம் மட்டும். தழும்புத் திட்டை இழுத்துக் கிழிக்க முயலாமல் நுண்கத்தரியால் வெட்டி, பின் சுருள் வடிவில் 5 மி.மீ.க்கு அகற்றப்பட்டது. இளவயது லென்ஸ் மென்மையானது, பெரும்பகுதி உறிஞ்சலிலேயே வந்துவிட்டது. உறையைத் தாங்கும் இழைகள் ஒரு பக்கம் தளர்ந்திருந்ததால் உறைக்குள் தாங்கு வளையம் வைத்து, பிறகு ஹைட்ரோபோபிக் அக்ரிலிக் லென்ஸ். இமை முழுதும் மூடாத கண் என்பதால் கீறலை நீர்ப்பூட்டுக்கு (ஓரங்களை நீரால் ஊதச் செய்து தையலின்றி மூடும் முறை) விட்டுவிடாமல் 10-0 நைலானால் ஒரு தையல், முன்னறைக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின்.

சொட்டு அட்டவணைதான் அடுத்த சிக்கல். ஒரு கை இல்லை, மறு கை விரல்கள் அப்போது சரியாக மடங்காது. பிரெட்னிசலோன் 1 சதவீதம் ஆறு வேளை என்று எழுதிக் கொடுத்தால் நடக்காது. மனைவி காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய் மாலை ஐந்தரைக்குத் திரும்புபவர். காலையில் இரண்டு, மாலையிலிருந்து உறங்கும்வரை மூன்று, மதியம் பக்கத்து வீட்டு அத்தை ஒன்று என்று நேரம் பிரித்து எழுதப்பட்டது. ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினர்.

அறுவைக்குப் பின் ஆறாம் வாரம் கண்ணாடியோடு 6/9. 6/6 வராததற்குக் காரணம் லென்ஸ் அல்ல: பார்வை நரம்பு முனையின் பொட்டுப் பக்கம் வெளுத்திருந்தது, சிவப்பு நிறம் இடது கண்ணுக்கு மங்கல். விரிந்தே நின்ற பாவை அறுவையை எளிதாக்கியது, வெயிலை மட்டும் தாங்க முடியாமல் செய்தது. நிறமேற்றிய கண்ணாடி போதுமானது. பதினோராம் மாதம் பின் உறை மங்கியது. இளவயதினருக்கு இது எதிர்பார்க்க வேண்டியதே; யாக் லேசரில் திறந்ததும் பார்வை மீண்டது.

வலது கண்

நான்காம் மாதத்தில் வலது லென்ஸிலும் முன் உறைக்குக் கீழே சில குமிழிகள் தெரிந்தன. பதினெட்டாம் மாதத்திலும் அவை இடைப்பகுதியிலேயே நின்றன, பார்வை 6/6. எல்லாக் குமிழியும் முழுப் புரையாக வளரும் என்றில்லை. சில அப்படியே நிற்கும். வரப்போவதை முன்கூட்டியே எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு இடங்கொடுக்கக்கூடாது. 28 வயதில் தன் லென்ஸை இழந்த கண் கிட்டப்பார்வைக்குக் குவியும் திறனையும் இழக்கிறது. இடது கண்ணுக்கு ஏற்கெனவே வாசிக்க +2.50 தேவை. வலது லென்ஸ் இருக்கும்வரை அவரால் கண்ணாடி இல்லாமல் செல்போன் எண்ணைப் படிக்கவும், எஞ்சிய கையால் கம்பி முடிச்சைப் பார்த்துப் போடவும் முடியும். மூன்றாண்டு நிறையும்வரை ஆறு மாதத்துக்கொருமுறை பாவை விரித்துப் பார்ப்பது, ஒவ்வொரு முறையும் குமிழிகளின் இடத்தை அதே வரைபடத்தில் குறிப்பது, இரவு விளக்குக் கூச்சம் வேலையைக் கெடுக்கத் தொடங்கினால் மட்டும் அறுவை என்று திட்டம் எழுதப்பட்டுள்ளது.